ராட்ஸ்பேன் கேட்டு ஒரு கடிதம்

உருத்திரமூர்த்திக்கு மொன்றியலில் ஒரேயொரு மனக்குறைதான். அவருடைய ஆங்கிலத்துக்கு அங்கே வேலை இல்லை.

யாழ்ப்பாணத்தில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கொழும்புக்குப் போகும் முக்கியமான கடிதமெல்லாம் அவர் கையால்தான் போகும். ஒருமுறை அவர் எழுதிய கடிதத்தைக் கொழும்பில் ஒரு செயலாளர் இரண்டு தரம் வாசித்தாராம். ஒரு தரம் விசயத்துக்காக, மற்றத் தரம் நடைக்காக. இதைச் சொன்னது அந்தச் செயலாளர் அல்ல, உருத்திரமூர்த்தியேதான்.

ஆங்கிலம் பேசும் நாடு என்று நம்பிக் கனடாவுக்கு வந்த மனிதரை விதி பிரெஞ்சு பேசும் ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனார். ‘போன்ஜூர்’ வந்தது, ‘மெர்சி’ வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இப்போது டோர்வல் விமான நிலையத்தில், தரையிறங்கிய விமானங்களுக்குள் ஏறி இருக்கைகளைத் துப்பரவாக்கும் வேலை. அங்கே கடிதம் எழுதச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை. பயணிகள் விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சிவப்புப் பேனாவால் அவற்றில் பிழை திருத்துவார். அதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

“ஆருக்கு அனுப்பப் போறியள் உதை?” என்று மனைவி இந்திராதேவி கேட்பார்.

“அனுப்புறதுக்கில்லை. பிழையைக் கண்டிட்டுச் சும்மா இருக்கேலாது.”

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, மேல்மாடி வினோஜா படியிறங்கி வந்து கதவைத் தட்டினாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. முகத்தில் அழுகை வருவதற்கு முந்திய நிலை.

“அங்கிள், எனக்கு இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதித் தரவேணும்.”

உருத்திரமூர்த்தி கதிரையை இழுத்துப் போட்டார். மூன்று வருடமாக அவர் காத்திருந்த வசனம் அது.

விசயம் இதுதான். வினோஜாவின் குசினியில், அடுப்படியில், எலி. குளிர் தொடங்கியதும் உள்ளே வந்துவிட்டது. ஒன்றா இரண்டா தெரியாது. அரிசி மூட்டையின் அடியைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. குழந்தையின் பால்மா டின்னுக்கு மேல் நின்று அவளையே பார்த்ததாம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சனிக்கிழமை மாமியார் வருகிறார். ரொறன்ரோவிலிருந்து, கலியாணத்துக்குப் பிறகு முதல்தரமாக, மகன் பற்றிக்கின் குடும்பம் எப்படி இருக்கிறதென்று பார்க்க.

“மாமி சரியான துப்பரவு அங்கிள். பற்றிக் சொல்லுவார், அம்மா தண்ணியையும் கழுவித்தான் குடிப்பா எண்டு. எலியைக் கண்டால் என்னை என்ன நினைப்பா?”

“வீட்டுச் சொந்தக்காரனுக்குச் சொன்னனியோ?”

“நாலு தரம் போன் பண்ணிட்டன். எலிக்குப் பிரெஞ்சு தெரியாது, சின்ன மிருகம் எண்டு, பெத்தி அனிமோ, குசினி, பெத்தி அனிமோ எண்டு பிரெஞ்சிலையே சொன்னன். குசினி எண்டால் அவைக்கும் விளங்கும்தானே? அந்தாள் சிரிச்சுப்போட்டு, ஒண்டு ரெண்டு எண்டால் பிரச்சினையில்லை, வடிவாய்ப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுது!”

“அநியாயம்,” என்றார் உருத்திரமூர்த்தி. உள்ளுக்குள் அவருக்கு ஆனந்தம். அநியாயம் இருக்கிற இடத்தில்தானே முறைப்பாட்டுக் கடிதத்துக்கு இடம்.

“எலிக்கு மருந்து வைக்கச் சொல்லி எழுதுங்கோ. சனிக்கிழமைக்கு முதல் வைக்கவேணும். பேந்து, மாமிக்கு ஒண்டும் தெரியவரக்கூடாது. அதையும் எழுதுங்கோ.”

அன்று வேலைக்குப் போகும்வரை அவர் மேசையை விட்டு எழும்பவில்லை. அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஒரு கடிதத்தில் ஒரு சொல் இரண்டு தரம் வரக்கூடாது. தெருவில் கிடக்கிற சொல்லைக் கடிதத்துக்குள் கொண்டுவரக்கூடாது. ‘எலி மருந்து’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற இடத்தில்தான் பேனா நின்றது.

“ரட் பொய்சன் எண்டு எழுதினால் காணாதோ?” என்றார் இந்திராதேவி, கீரை ஆய்ந்துகொண்டு.

“அது கடையிலை பெட்டிக்கு மேலை ஒட்டுற சொல்லு, இந்திரா.”

பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய தமிழ்–ஆங்கில அகராதியை எடுத்தார். மட்டை போய், முதல் நாற்பது பக்கமும் போய், ‘இ’யிலிருந்து தொடங்கும் அகராதி. ‘எலிப்பாஷாணம்’ என்ற சொல் இருந்தது. அதற்கு நேரே ஒற்றைச் சொல்லாக ஆங்கிலம்: ராட்ஸ்பேன்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். ராட்ஸ்பேன். என்ன கம்பீரம்! எலியும் அதற்குள்ளேயே இருக்கிறது, சாவும் அதற்குள்ளேயே இருக்கிறது. இனி எலி என்று தனியாக ஒரு தரம் எழுதவேண்டியதில்லை. அப்படி எழுதினால் சொல் இரட்டித்துவிடும். எலியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டார்.

இப்படி முடிந்த கடிதத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

‘ஐயா, தொலைபேசி மூலம் நான்கு தடவை தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட தொல்லை இனியும் பொறுக்கத் தக்கதன்று. என் கணவரின் தாயார் எதிர்வரும் சனிக்கிழமை நண்பகல் என் இல்லத்துக்கு வருகை தந்து போசனம் செய்யவுள்ளார். ஆகவே அதற்கு முன்னதாகப் போதிய அளவு ராட்ஸ்பேன் தந்துதவி, நிரந்தரமான ஒரு முடிவுக்கு வழிசெய்யுமாறு மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன். குறிப்பிட்ட பெண்மணிக்கு இவ்விடயம் எவ்வகையிலும் தெரியவராதிருத்தல் அவசியம்.’

வினோஜா கீழே கையெழுத்துப் போட்டாள். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததே அவளுக்குத் தைரியமாக இருந்தது. “உதைக் கண்டால் அந்தாள் பயந்துதான் போகும்,” என்றாள்.

அது உண்மையாகத்தான் போயிற்று.

வெள்ளிக்கிழமை வரை பதில் இல்லை, மருந்தும் வரவில்லை. இந்திராதேவி கடையில் ஒரு பொறி வாங்கி வந்து கொடுத்தார். அதில் பற்றிக்கின் பெருவிரல்தான் அகப்பட்டது. சனிக்கிழமை காலையில் அவன் வீங்கிய விரலோடு பஸ் நிலையத்துக்குப் போய்த் தாயைக் கூட்டிக்கொண்டுவந்து விட்டுவிட்டு, டோர்வலில் பயணப்பெட்டி ஏற்றும் வேலைக்கு ஓடிவிட்டான். மாமியாரோடு தனியே சாப்பிடப் பயந்த வினோஜா, கீழ்வீட்டு இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள்.

மாமியார் பிலோமினம்மா மெல்லிய உடம்பு, கஞ்சி போட்டது போன்ற நேரான முதுகு. வந்ததும் கை கழுவினார். கழுவிய குழாயையும் கழுவினார். வினோஜாவின் கண் குசினி மூலைக்கும் மாமியார் முகத்துக்கும் இடையே ஓடிக்கொண்டேயிருந்தது. மேசையில் நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், முருங்கைக்காய், சோறு. குழந்தை தரையில் தவழ்ந்து திரிந்தாள்.

பிலோமினம்மா சிலுவை போட்டு, சோற்றில் கை வைக்கப் போன நேரம் மணி அடித்தது.

வாசலில் வீட்டுக்காரர். ஸ்தாவ்ரோஸ் என்ற கிரேக்கர், அறுபத்தைந்து வயதிருக்கும், மீசையெல்லாம் நரை. சேர்ச்சுக்குப் போகிற கோட்டுப் போட்டிருந்தார். ஒரு கையில் இனிப்புப் பெட்டி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. “போன்ஜூர், போன்ஜூர்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், மேசையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“சாப்பிடத் தொடங்கிவிட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதிலே ஏதோ அவசரம் இருந்தது.

“இப்பத்தான். நீங்களும் இருங்கள்,” என்றார் உருத்திரமூர்த்தி. கடிதத்தின் சக்தி வீட்டுக்காரரை நேரிலேயே கொண்டுவந்துவிட்டதே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஸ்தாவ்ரோஸ் கதிரையை இழுத்துப் பிலோமினம்மாவுக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்கிற அளவுக்குக் கிட்டவாகப் போட்டுக்கொண்டு இருந்தார். பிலோமினம்மா சோற்றை எடுத்தார். “மடாம்! கொஞ்சம் பொறுங்கள்!” என்றார் வீட்டுக்காரர். “முதலில் உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.”

பிலோமினம்மா பயணத்தைப் பற்றிச் சொன்னார். திரும்பச் சோற்றை எடுத்தார்.

“மடாம்! இந்த இனிப்பை முதலில் சாப்பிடுங்கள். என் மனைவி செய்தது. இதில் ஒன்றும் இல்லை. தேனும் பருப்பும் மட்டும்தான்.”

“எங்கடை பக்கத்திலை இனிப்புக் கடைசியிலைதான்,” என்று பிலோமினம்மா நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில் வினோஜாவைக் கேட்டார்: “இந்த மனிசனுக்கு என்ன பிள்ளை, சுகமில்லையோ?”

வினோஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எலி விசயத்தை இந்த மனிதர் உளறிவிடப் போகிறார் என்ற பயத்தில், “மாமி, கறி ஆறுது, சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ,” என்று அவசரப்படுத்தினாள். நண்டின் பெரிய காலொன்றை எடுத்து மாமியாரின் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். ஸ்தாவ்ரோஸ் அந்தக் காலைப் பார்த்தார். வினோஜாவைப் பார்த்தார். கண்ணை மூடித் தன் நெஞ்சில் சிலுவை போட்டார். பிறகு கையை நீட்டி, பிலோமினம்மாவின் கோப்பையிலிருந்து குழம்பு ஊறிய சோற்றை ஒரு பெரிய கரண்டியால் அள்ளித் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.



அந்தக் குழம்பு வினோஜா மாமியாருக்காக வைத்த குழம்பு. காரம் குறைந்தால் சமைக்கத் தெரியாதவள் என்று நினைப்பார் என்று, யாழ்ப்பாணத்துத் தூளைப் பயமில்லாமல் போட்டிருந்தாள். ஸ்தாவ்ரோஸின் முகம் முதலில் இளஞ்சிவப்பானது, பிறகு நண்டின் நிறத்துக்கு வந்தது. கண்ணால் தண்ணீர், மூக்கால் தண்ணீர். கழுத்துப்பட்டியை இழுத்தார். ஒரு கையால் தொண்டையையும் மறுகையால் பிலோமினம்மாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிடாதீர்கள் மடாம்!” என்று கத்தினார். “ஆர்செனிக்! ஆம்புலன்ஸ்! என் மகளுக்குச் சொல்லுங்கள், நான் நல்ல மனிதனாகச் செத்தேன் என்று!”

இந்திராதேவி தயிர்ச் சட்டியைத் தூக்கி அவர் வாயில் சாய்த்தார். அவர் மறுக்கப் பார்த்தார்; இந்திராதேவியிடம் மறுத்து வென்றவர்கள் யாரும் இல்லை. அரைச் சட்டி போனதும் கத்தல் நின்றது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தான் இன்னும் உயிரோடிருப்பதை அவரே மெதுவாகத்தான் உணர்ந்தார்.

பிலோமினம்மா தன் மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு, “ஆர்செனிக் எண்டு ஏன் சொன்னனீர்?” என்று கேட்டார். குரல் உயரவில்லை. அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள்.

ஸ்தாவ்ரோஸ் கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அந்தச் சொல் தனக்குத் தெரியாதென்றும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்து அலறியதாகவும் சொன்னார். பொலிசுக்குச் சொல்லலாம் என்று மகள் சொன்னாளாம். “சொன்னால் இந்தச் சின்னப் பெண்ணின் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். முதலில் நானே போய்ப் பார்ப்போம் என்று வந்தேன்.”

பிலோமினம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார். அந்த இரண்டாவது தரம் நடைக்காக அல்ல என்று உருத்திரமூர்த்திக்குத் தெரிந்தது. தான் எழுதிய ஒவ்வொரு வரியும் இப்போது அவருக்குத் தலைகீழாகக் கேட்டது. தொல்லை. கணவரின் தாயார். நிரந்தரமான முடிவு. தெரியவராதிருத்தல் அவசியம்.

“வினோஜா,” என்றார் பிலோமினம்மா, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. “இதிலை இருக்கிறது உம்மடை கையெழுத்தோ?”

“ஓம் மாமி.”

“என்னைக் கண்ணாலையே முழுசாய்க் காணயில்லை நீர். அதுக்கிடையிலை என்ன கோவம்?”

“என்ன மாமி? எனக்கு விளங்கயில்லை.” அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

உருத்திரமூர்த்தி எழும்பினார். இருபத்தாறு வருடத்தில் ஒரு கடிதத்துக்காகவும் அவர் மன்னிப்புக் கேட்டதில்லை. “அக்கா, அவள் அதை எழுதயில்லை. நான்தான் எழுதினனான். அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவள் சொன்னது வேறை. நான்…” வினோஜாவைப் பார்த்தார். எது தெரியக்கூடாதென்று அவள் கெஞ்சினாளோ அதைத்தான் இப்போது சொல்லவேண்டும்.

வினோஜாவே சொன்னாள். “எலி மாமி! குசினியிலை எலி! நீங்கள் வரமுதல் அதுக்கு மருந்து வைக்கத்தான் கேட்டனான். உங்களுக்குத் தெரிஞ்சால் என்னை ஊத்தை எண்டு நினைப்பியள் எண்டு பயந்துபோனன்!”

உருத்திரமூர்த்தி வீட்டுக்காரரின் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்த அத்தனை ஆங்கிலமும் எங்கேயோ ஓடிவிட்டது. “எலி,” என்றார், சின்னப் பிள்ளை போல. “இந்தக் குசினி. எலி. அவ்வளவுதான்.” இரண்டு விரலை மூக்குக்குக் கீழே மீசையாக வைத்தும் காட்டினார்.

“எலியா?” ஸ்தாவ்ரோஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். “சின்ன மிருகம், சின்ன மிருகம் என்று போனில் சொன்னாளே, பூனை வளர்க்க அனுமதி கேட்கிறாள் என்றல்லவா நினைத்தேன்!”

முதலில் சிரித்தது பிலோமினம்மாதான். அவ்வளவு நேரான முதுகு வளைந்து குலுங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். வினோஜாவைக் கிட்ட இழுத்துத் தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார்.

“விசர்ப் பிள்ளை. ஸ்காபரோவிலை எங்கடை கட்டடத்திலை கரப்பான் பூச்சி லிஃப்டிலை ஏறி இறங்குது. நான் ரெண்டு நாளைக்கு அதிலையிருந்து தப்பத்தான் இஞ்சை வந்தனான். ஒரு எலிக்காகவே எனக்கு இவ்வளவு பயந்தனீர்?”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உருத்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு ராட்ஸ்பேன் எண்டால் என்னெண்டு தெரியுமோ?”

“எலிப்பாஷாணம்.”

“வெள்ளைப் பாஷாணம். மணமில்லை, ருசியில்லை, சீனி மாதிரி இருக்கும். நான் ஆசுப்பத்திரியிலை இருபத்தெட்டு வருசம் மருந்து கலந்தனான். விஷ அலுமாரித் திறப்பு என்ரை இடுப்பிலைதான் கிடந்தது. பழைய வெள்ளைக்காரன் காலத்துப் போத்தல் ஒண்டிலை இந்தச் சொல்லு ஒட்டியிருந்தது. அதை நான் ஒருநாளும் வெளியிலை எடுத்ததில்லை.” கையால் தரையைக் காட்டினார். “தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுக்கே அதைக் கேட்டு எழுதினனீங்கள்?”

உருத்திரமூர்த்தி குனிந்து பார்த்தார். குழந்தை மேசைக்குக் கீழே இருந்தாள். எங்கேயோ விழுந்துகிடந்த பாண் துண்டொன்றைக் கண்டெடுத்து, வெகு சந்தோசமாக வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல்லை எத்தனை தரம் வாய்விட்டுச் சொல்லி ரசித்தார்! அது ஒரு கோப்பையில், ஒரு மூலையில், இந்தக் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும் என்று ஒரு தரமாவது நினைத்தாரா? அவர் மண்டியிட்டுக் குழந்தையைத் தூக்கினார். வாயிலிருந்து பாணை எடுத்தார். அவள் அவருடைய மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு நிர்வாகம் பிலோமினம்மாவின் கைக்குப் போயிற்று. வீட்டுக்காரரைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுப்பை இழுக்கச் சொல்லி, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்து ஓட்டையைக் காட்டினார். “மருந்து வேண்டாம். சட்டி தேய்க்கிற கம்பிப் பஞ்சை உதுக்குள்ளை இறுக்கி அடைஞ்சு, மேலை சீமெந்து பூசும். எலியாலை கம்பியைக் கடிக்கேலாது.” ஸ்தாவ்ரோஸ் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். போகும்போது நண்டுக்கறியைத் திரும்பிப் பார்த்து, தயிரோடென்றால் இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை சீமெந்தும் கம்பிப் பஞ்சுமாக வந்தார். கேட்காமலே உருத்திரமூர்த்தி மேலே போய், அடுப்புக்குப் பின்னால் படுத்து டோர்ச் பிடித்தார். கிரேக்கருக்கு ஆங்கிலம் அரைகுறை, இவருக்குப் பிரெஞ்சு பூச்சியம். பதினொரு ஓட்டை அடைத்து முடிகிறபோது ஒருவருடைய முதுகுவலி மற்றவருக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு எலியை யாரும் காணவில்லை.

இரண்டு நாளைக்கு வந்த பிலோமினம்மா மூன்று கிழமை நின்றார். மாமியும் மருமகளும் மேலே சிரிக்கிற சத்தம் கீழே கேட்கும்.

அவர் புறப்படுவதற்கு முந்திய கிழமை வினோஜா மறுபடி வந்தாள். பக்கத்துத் தெருக் கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைக்கு இடம் கேட்டு எழுதவேண்டும். அங்கே பொறுப்பாக இருக்கும் பெண்மணிக்கு ஆங்கிலமும் தெரியும். கேட்க அவள் கொஞ்சம் தயங்கினாள். அவரும் தயங்கினார்.

ஆனாலும் எழுதினார். ஒரு பக்கம் வந்தது. உறையில் போடாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். “அக்கா, இதை ஒருக்கால் பாருங்கோ,” என்றார். பிலோமினம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்து, பேனா வாங்கி, முக்கால் பக்கத்தை வெட்டினார். வெட்டிய ஒவ்வொரு வரியும் உருத்திரமூர்த்திக்கு ஒரு பல் பிடுங்குவது போலிருந்தது. மிஞ்சியது ஐந்து வரி. பிள்ளைக்கு என்ன வயது, அம்மா எப்போது வேலைக்குப் போகவேண்டும், எந்த மாதத்திலிருந்து இடம் வேண்டும்.

“இது கடிதமோ அக்கா? தந்தி மாதிரியெல்லோ கிடக்கு,” என்றார் அவர்.

“அனுப்பிப் பாருங்கோ.”

அடுத்த வெள்ளிக்கிழமை காப்பகத்திலிருந்து வினோஜாவுக்குப் போன் வந்தது. ஜனவரியிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரலாம் என்றார்கள்.